பிடியை விடத் தெரிந்த பாலிமர்: ஒரு கருவிழிச் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

நோயாளிகள் நால்வர். நால்வருக்கும் இரண்டு கண்களிலும் கருவிழியின் மேற்படலம் அழிந்து, அதைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களும் முற்றிலும் இல்லாமல் போயிருந்தன. ஜப்பானின் ஒசாகாவில் கண் மருத்துவர் கோஜி நிஷிடாவும் அவருடைய குழுவினரும் ஒவ்வொருவரின் வாய்க்குள்ளிருந்தும் 3 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே உள்ள சளிச்சவ்வுத் துண்டை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை ஆய்வகத்தில் இரண்டு வாரம் வளர்த்தார்கள். வளர்ந்த படலத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் கண்ணில் பதித்தார்கள். தையல் போடவில்லை. ஒரு வாரத்துக்குள் நால்வருக்கும் கருவிழிப் பரப்பு முழுமையாக மூடியது, பார்வையும் கணிசமாக மீண்டது. சராசரியாக 14 மாதங்கள் கவனித்தபோதும் அந்தக் கருவிழிகள் தெளிவாகவே இருந்தன. 2004 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

இதைக் கண் மருத்துவத்தின் வெற்றியாகவும் ஸ்டெம் செல் சிகிச்சையின் வெற்றியாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் மேலே "தட்டிலிருந்து எடுத்து" என்று இரண்டே சொற்களில் கடந்துவிட்டேனே, அந்த இரண்டு சொற்களுக்குள் 1968 முதல் 2004 வரையிலான பாலிமர் வேதியியலின் உழைப்பு இருக்கிறது. இந்த ஆய்வு அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

நோய் என்ன?

கருவிழியின் மேற்படலம் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதை ஈடுகட்டும் ஸ்டெம் செல்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் வளைய விளிம்பில் இருக்கின்றன. காரமோ அமிலமோ பட்டு அந்த விளிம்பு வெந்துபோனால், அல்லது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி போன்ற கடும் ஒவ்வாமை அதைத் தின்றுவிட்டால், பக்கத்திலிருக்கும் விழிவெண்படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்துவிடும். கண்ணாடி போன்ற பரப்பு சிவந்து, தடித்து, மங்கிப்போகும். நம் ஊர்களில் வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்து இந்த நிலைக்கு வரும் குழந்தைகள் உண்டு.

இறந்தவரின் கருவிழியைத் தானமாகப் பெற்று வைத்தாலும் இங்கே அது நிலைப்பதில்லை. அதைப் புதுப்பிக்க விளிம்பில் ஸ்டெம் செல்கள் வேண்டுமே! ஒரு கண் நன்றாக இருந்தால் அதன் விளிம்பிலிருந்து சிறிது எடுக்கலாம். இரண்டு கண்களும் போயிருந்தால், பிறரிடமிருந்து பெற்று எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை நீண்ட காலம் உட்கொள்ள வேண்டும். அல்லது நோயாளியின் உடலிலேயே வேறோர் இடத்திலிருந்து பொருத்தமான செல்லைத் தேட வேண்டும். நிஷிடா குழு தேர்ந்தெடுத்தது வாயின் உட்புறத்தை. அங்கே ஏற்படும் சிறு காயம் விரைவில் ஆறிவிடும், தழும்பு வெளியே தெரியாது.

உரிப்பதில்தான் சிக்கல்

ஆய்வகத் தட்டில் செல்களை வளர்ப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த வேலை. 1975இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனிதத் தோல் செல்களைத் தட்டில் அடுக்கடுக்காகப் பெருக்கிக் காட்டினார்கள். வளர்ந்ததைத் தட்டிலிருந்து பிரிப்பதுதான் கடினம். செல்கள் தட்டின்மீது வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. தாங்களே சுரந்த ஃபைப்ரோநெக்டின், லாமினின் முதலிய புரதங்களால் ஒரு பாய் பின்னி, அந்தப் பாயைத் தட்டோடு ஒட்டி, அதன்மேல் காலூன்றி நிற்கின்றன. அக்கம்பக்கத்துச் செல்களோடும் கைகோத்து நிற்கின்றன.

டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால் கால்களும் கைகளும் ஒருசேர அறுபடும். படலமாக வளர்ந்தது தனித்தனிச் செல்களாகச் சிதறி மிதக்கும். டிஸ்பேஸ் என்ற இன்னொரு நொதி சற்று மென்மையானது. கைகளை ஓரளவு விட்டுவைக்கும். ஆனால் அடியிலிருக்கும் பாயைக் கரைத்துவிடும். பாய் போனால் படலத்துக்குப் பசை போனது போல. கண்ணில் வைத்தால் தானாக ஒட்டாது, தைக்க வேண்டியிருக்கும். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின்மீதே செல்களை வளர்த்து, சவ்வோடு சேர்த்துக் கண்ணில் வைக்கும் வழியும் உண்டு. அது நல்ல வழி, உலகெங்கும் இன்றும் நடக்கிறது. ஆனால் செல்களோடு பிறர் உடலின் சவ்வும் கண்ணுக்குள் செல்கிறது. அது தெளிவைச் சற்றுக் குறைக்கவும் கூடும்.

வேண்டியது என்ன? செல்கள் வளரும்வரை பற்றிக்கொண்டிருந்து, நாம் கேட்கும்போது அறுக்காமல் விடுவிக்கும் ஒரு தளம்.

சூடானால் கரையாத பொருள்

பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற நீளமான பெயரை வேதியியலாளர்கள் பிநிபாம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதன் ஒரு சதவீதக் கரைசலை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அது வெறும் தண்ணீராகவே தெரிந்தது. சோதனைக் குழாயை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினேன். ஓரிரு நொடிகளில் குழாயின் ஓரத்திலிருந்து வெண்மை பரவி, அரிசி கழுவிய தண்ணீர் போலாகி, பிறகு பால் போல ஆனது. பனிக்கட்டி நீருக்கு மாற்றினேன். மேகம் கலைவது போலக் கலைந்து மீண்டும் தெளிந்தது. எத்தனை முறை மாற்றி மாற்றி வைத்தாலும் அதேதான்.

சமையலறையில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். வெல்லம் சூட்டில் கரைகிறது, குளிர்ந்தால் இறுகுகிறது. இந்தப் பொருளோ குளிர்ந்த நீரில் கரைகிறது, சூடேறினால் பிரிகிறது. மாற்றம் நிகழும் வெப்பநிலை சுமார் 32 டிகிரி செல்சியஸ். 1968இல் கனடாவில் ஹெஸ்கின்ஸ், கில்லெட் ஆகிய இருவரும் இந்த நடத்தையை முறையாக அளந்து வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைக்கும் கண்ணுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

பாலிமர் என்பது சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. காரணத்தை அந்தச் சங்கிலியின் அமைப்பில் பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணியிலும் தண்ணீரை விரும்பும் அமைடு தொகுதி ஒன்றும், தண்ணீரை வெறுக்கும் ஐசோபுரோப்பைல் தொகுதி ஒன்றும் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் அமைடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் நீரைப் பற்றிக்கொள்கிறது. ஐசோபுரோப்பைலைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டியது போல ஒழுங்காக நிற்கின்றன. திருவிழாக் கூட்டத்தைக் கயிறு கட்டி வரிசையில் நிறுத்துவதோடு இதை ஒப்பிடலாம். குளிர்ச்சியில் வரிசை நிற்கும். சூடேற ஏற, ஒழுங்காக நிற்பதற்கு ஆற்றல் கணக்கில் கொடுக்க வேண்டிய விலை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வரிசை கலைந்து நீர் விலகிவிடும். நீரை இழந்த சங்கிலி தன்மேல் தானே சுருண்டு உருண்டையாகும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கலாகும். என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் கருத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இதில் இரண்டு நல்வாய்ப்புகள் உண்டு. முதலாவது, 32 டிகிரி என்பது உடல் வெப்பமான 37க்கும் அறை வெப்பத்துக்கும் நடுவே விழுகிறது. செல்களை வளர்க்க ஒரு பக்கம், பிரிக்க மறுபக்கம், இரண்டுமே செல்கள் தாங்கும் வெப்பம்தான். இரண்டாவது, சங்கிலி நீளமா குட்டையா என்பதைப் பொறுத்து இந்த எண் பெரிதாக நகர்வதில்லை. நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் வழியிருக்கிறது. நீர்விரும்பும் கண்ணிகளை இடையிடையே சேர்த்தால் ஏறும், நீர்வெறுக்கும் கண்ணிகளைச் சேர்த்தால் இறங்கும். உப்புகளும் பொதுவாக இதை இறக்கும்.

தட்டின்மேல் பதினைந்து நானோமீட்டர்

தோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தெருவோ ஒகானோ இந்தப் பொருளைக் கரைசலிலிருந்து தட்டுக்குக் கொண்டுவந்தார். 1990இல் அவரது குழுவின் முதல் கட்டுரை வெளியானது. செய்முறை கேட்பதற்கு எளிது. மோனோமரை, அதாவது இன்னும் கோக்கப்படாத தனிக் கண்ணிகளை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துச் சாதாரணப் பாலிஸ்டைரீன் வளர்ப்புத் தட்டில் பரப்ப வேண்டும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் மோனோமர்கள் சங்கிலியாகும், அதே வேளையில் சங்கிலியின் அடி தட்டோடு வேதிப்பிணைப்பில் பூட்டிக்கொள்ளும். பிறகு குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், ஏனெனில் ஒட்டாமல் கிடக்கும் சங்கிலி குளிர்ந்த நீரில்தான் கரைந்து போகும்.

கடினம் எல்லாம் தடிமனில் இருந்தது. படிந்த அடுக்கு சுமார் 15 நானோமீட்டராக இருந்தால் 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளர்கின்றன, குளிர்வித்தால் விடுகின்றன. அதையே சுமார் 30 நானோமீட்டராக்கினால் 37 டிகிரியிலும் செல்கள் ஒட்டவே ஒட்டாது. இரண்டிலும் ஒரே வேதிப்பொருள்தான், தடிமன் மட்டும் இரு மடங்கு. ஒகானோ குழு 2004இல் இதை அளந்து காட்டியது. மெல்லிய அடுக்கில் சங்கிலிகள் அடியிலிருக்கும் பாலிஸ்டைரீனின் பிடியில் இருக்கின்றன, சூட்டில் நீரை முழுதாக விட்டுவிடுகின்றன. தடித்த அடுக்கில் மேலே இருக்கும் சங்கிலிகள் சூட்டிலும் கொஞ்சம் நீரைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. ஈரமான அந்த மேற்பரப்பில் ஃபைப்ரோநெக்டின் படிய மறுக்கிறது. ஃபைப்ரோநெக்டின் படியாத இடத்தில் செல் கால் வைப்பதில்லை. பாலிமரின் பெயரை மட்டும் பார்த்து "இது வேலை செய்யும்" என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளிர்ந்தவுடன் தட்டு மட்டும் செல்லைத் தள்ளிவிடுவதில்லை. தட்டு நீரேறி வழுக்கத் தொடங்குகிறது. அதன்பின் செல் தன் உள் எலும்புக்கூட்டைச் சுருக்கி, தன் சொந்த ஆற்றலைச் செலவழித்துத்தான் எழுகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் உற்பத்தியைத் தடுக்கும் சோடியம் அசைடைச் சேர்த்தபோது செல்கள் பிரிவது மட்டுப்பட்டதை ஒகானோ குழு 1995இல் காட்டியது. எனவே மிகக் கடுமையாகக் குளிர்விப்பதும் உதவாது. பாலிமர் நன்றாக நீரேறும், ஆனால் செல் உறைந்த கை போல மந்தமாகிவிடும். பிடியை விடுவதில் தட்டுக்குப் பாதி வேலை, செல்லுக்குப் பாதி வேலை.

அறுவை அரங்கில்

நிஷிடா குழு ஒகானோவின் இந்தத் தட்டைக் குளிர்விக்கப் பயன்படுத்திய அளவு 20 டிகிரி, 30 நிமிடம். வாய்ச் செல்களைக் கீழே வளர்ச்சிக்குத் துணை செய்யும் 3டி3 எனும் எலிச் செல்களோடு 37 டிகிரியில் வளர்த்து, இரண்டு வாரத்தில் பல அடுக்குள்ள படலமாக்கினார்கள். எலிச் செல்கள் பெருகாதபடி மைட்டோமைசின் என்ற மருந்தால் முன்பே முடக்கப்பட்டிருந்தன. தட்டைக் குளிர்வித்த பிறகு, நடுவில் வட்டத் துளையுள்ள தாங்குதாளைப் படலத்தின்மேல் வைத்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். தாங்கும் தாள் ஏன் என்றால், தட்டின் பிடி போனதும் செல்கள் ஒன்றையொன்று இழுத்துப் படலத்தைச் சுருக்கிவிடும். நல்ல படலம் என்பதற்கு அந்தச் சுருக்கமே சான்று, கைகள் அறுபடவில்லை என்று அது சொல்கிறது.

கண்ணில் படர்ந்திருந்த தழும்புத் திசுவை அகற்றிவிட்டு, வெறுமையான கருவிழிமேல் படலத்தை விரித்தார்கள். அடியிலிருந்த புரதப் பாய் அப்படியே கூட வந்திருந்ததால் சில நிமிடங்களில் அது தானாகப் பற்றிக்கொண்டது. பாதுகாப்புக்காக மேலே ஒரு மென்மையான கான்டாக்ட் லென்ஸ். அவ்வளவுதான்.

செய்முறையை எழுதுவது எளிது, தட்டைக் கையாள்வது வேறு. ஒருமுறை, இதே வகைத் தட்டொன்றை இன்குபேட்டரிலிருந்து (செல்களை 37 டிகிரியில் வைத்திருக்கும் பெட்டி) எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். குளிரூட்டப்பட்ட அறை. ஒரு புலத்திலிருந்து அடுத்த புலத்துக்கு நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் ஓரத்துச் செல்கள் நீள வடிவத்தை இழந்து உருண்டன. பிறகு விளிம்பு, வெயிலில் வாடிய வாழையிலை போல மெல்ல மடங்கத் தொடங்கியது. பதறிப்போய் இன்குபேட்டருக்குத் திருப்பினேன், அதற்குள் ஒரு பக்கம் கழன்றிருந்தது. ஒன்றரை வாரத்து உழைப்பு. அன்றிலிருந்து சூடேற்றிய மேடையில்லாமல் அந்தத் தட்டை நான் நுண்ணோக்கியின் கீழ் வைத்ததில்லை. சாதாரணத் தட்டில் இந்தக் கவலை கிடையாது. வெப்பத்தை அறியும் தட்டு, நாம் குளிர்விக்க நினைத்துக் குளிர்விக்கிறோமா, மறந்து குளிர்விக்கிறோமா என்று பார்ப்பதில்லை.

பின்னர் நடந்தவை

நான்கு பேர் என்பது சிறிய எண். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பிரான்சின் லியோன் நகரில் இதே வகைத் தட்டில் வளர்த்த வாய்ப் படலத்தை 25 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குப் பிறகு 16 பேருக்குச் சிகிச்சை பலனளித்திருந்தது. நான்குக்கு நான்கு என்ற முதல் செய்தியைவிட இந்த எண்ணைத்தான் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வாய்ச் செல் வாய்ச் செல்தான். கருவிழியின் ஓரங்களில் புது இரத்தக் குழாய்கள் வருவது இந்தச் சிகிச்சையில் நன்கறிந்த குறை. ஆனாலும் இரண்டு கண்களும் போனவருக்கு இது உண்மையான வழி. நோயாளியின் வாய்ச் சளிச்சவ்விலிருந்து வளர்க்கப்படும் கருவிழிப் படலத்துக்கு 2021இல் ஜப்பான் முறையான அனுமதி வழங்கியது.

ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் கருத்து. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் வீரேந்தர் சங்வான் குழு 2012இல் அறிவித்த முறையில், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டெடுத்து, அதை நறுக்கி, பனிக்குடச் சவ்வின்மேல் பரப்பிக் கண்ணிலேயே வளரவிடுகிறார்கள். ஆய்வகமே வேண்டாம், செலவும் மிகக் குறைவு. நல்ல வேதியியல் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா நோயாளிகளையும் அதன் வழியே அனுப்பக் கூடாது.

இதயத்தில் நடந்ததும் இந்தக் கதையோடு சேர்ந்ததே. ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிகி சாவா, நோயாளியின் தொடைத் தசைச் செல்களைப் படலமாக வளர்த்துப் பலவீனமான இதயத்தின்மேல் ஒட்டினார். அந்த முறையில் டெருமோ என்ற நிறுவனம் தயாரித்த இதயப் படலத்துக்கு 2015இல் ஜப்பான் நிபந்தனையோடு கூடிய அனுமதி அளித்தது. பலனை ஐந்தாண்டில் நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை, பின்னர் கெடு நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசின் நிபுணர் குழு, கிடைத்த தரவுகள் பலனைக் காட்டப் போதவில்லை என்று சொன்னது. தயாரிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. படலத்தைச் சேதமில்லாமல் எடுக்கும் வேலை இங்கேயும் நடந்தது. எடுத்த பிறகு அது நோயுற்ற இதயத்தில் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி, அதற்குத் தட்டால் பதில் சொல்ல முடியாது. கருவிழிப் படலத்துக்கு வேலை தெளிவானது: மூடு, தெளிவாக இரு. இதயப் படலத்துக்கு அப்படி ஒரு தெளிவான வேலை இருந்ததா என்று கேட்டால் எனக்கு ஐயம்தான்.

உடலுக்குள் போகாத பாலிமர்

"உயிரோடு ஒத்துப்போகும் பாலிமர்" என்று பிநிபாமைக் குறிப்பிடுவதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சிறு தயக்கம் வருகிறது. இந்தப் பொருள் உடலில் சிதைவதில்லை. இதன் மோனோமர், நரம்புகளுக்கு நஞ்சான அக்ரிலமைடின் உறவு. கையுறையில்லாமல் தொடக் கூடாதது. ஒகானோவின் வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது, இந்தக் கேள்வியை அது எதிர்கொண்ட விதம். பாலிமர் தட்டோடு வேதிப்பிணைப்பில் பூட்டப்பட்டிருக்கிறது. படலம் எழும்போது அது தட்டிலேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்குள் போவது நோயாளியின் செல்லும் அந்தச் செல் பின்னிய பாயும் மட்டுமே.

உடலுக்குள் செலுத்த வேண்டிய இடங்களில் வேறு பாலிமர்கள் வந்திருக்கின்றன. பொலாக்சமர் 407 குளிரில் நீர்மமாகவும் உடல் வெப்பத்தில் கூழாகவும் இருக்கும், பிறகு மெல்லக் கரைந்து வெளியேறும். சிறுநீரகத்தின் உள்வழியில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மைட்டோமைசினை இத்தகைய கூழில் வைத்துக் கொடுக்கும் மருந்துக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி தந்தது. குளிர வைத்து உள்ளே செலுத்தினால், அங்கேயே இறுகி, சிறுநீரோடு அடித்துப் போகாமல் சில மணி நேரம் தங்குகிறது.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்களும் இங்கேயே இயங்கும் நிச்சி-இன் மறுஉருவாக்க மருத்துவ மையமும் சேர்ந்து, பிநிபாமையும் பாலிஎத்திலீன் கிளைக்காலையும் இணைத்து ஜப்பானில் உருவாக்கப்பட்ட மெபியோல் கூழில் கருவிழி விளிம்புச் செல்களை வளர்த்தார்கள். 2006இல் மனிதச் செல்களைப் பற்றியும், 2009இல் முயல்களின் கண்களில் வைத்துப் பார்த்ததைப் பற்றியும் கட்டுரைகள் வெளியாயின. அங்கே தட்டு இல்லை, செல்கள் கூழுக்குள்ளேயே முப்பரிமாணத்தில் வளர்ந்தன. எலிச் செல்களின் துணையும் பனிக்குடச் சவ்வும் தேவைப்படவில்லை. இன்குபேட்டரில் கூழாக இருந்தது, குளிர்வித்ததும் நீர்மமாகி, உள்ளே வளர்ந்த செல்களைத் திருப்பிக் கொடுத்தது.